மூன்றாம் நாள், இரண்டிலிருந்து ஆறு வரை

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் என்று எழுதி, அதன் கீழே ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டார் பிரம்மநாயகம். போட்டுவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணி நேரம். கோலாலம்பூருக்கு மூணு ராத்திரி நாலு பகல் என்று நவ்ஷாத் தம்பி டிராவல்ஸில் அச்சடித்துக் கொடுத்த தாளில் அவருக்கென்று கிடைத்தது இந்த நாலு மணி நேரம்தான். முதல் நாள் இறங்கினதும் புத்ராஜெயா. ரெண்டாம் நாள் பத்துமலை முருகன், அங்கிருந்து மலைமேல் கேபிள் கார். மூணாம் நாள் காலையில் ராஜா அரண்மனை வாசலில் நின்று போட்டோ, இரட்டைக் கோபுரம், சாக்லெட் கடை, சாப்பாடு, அதற்கப்புறம் 'சொந்த நேரம்'. நாலாம் நாள் விமானம். சொந்த நேரமாம்! அறுபத்து நாலு வயசில் ஒரு மனுஷனுக்குச் சொந்த நேரம் எங்கே போய்க் கிடக்குது பாருங்கள், கடல் தாண்டி ஒரு சாக்லெட் கடைக்குப் பின்னால். பன்னெண்டு மணிக்கு நவ்ஷாத் போன் பண்ணுவான், போறோம் போகலை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இன்றைக்கு விட்டால் இந்தக் கூட்டத்தோடு இடம் கிடையாது. இப்போது மணி பதினொண்ணு பத்து. அடுக்களையில் காந்திமதி ஞாயிற்றுக்கிழமை சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கரக் கரக்கென்று அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் அவள் இந்தப் பக்கம் வரமாட்டாள் என்பது அவருக்கு ஒரு தைரியம். ரிட்டையராகி ஆறு வருஷம் ஆச்சு, வீடே கதின்னு கிடக்கோம், ஒருக்கா நாலு இடம் பார்த்துட்டு வருவோமே என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் 'ம்' என்றாள். அந்த 'ம்'முக்கு அர்த்தம் முப்பத்தஞ்சு வருஷமாக அவருக்குப் பிடிபட்டதில்லை, இன்றைக்கா பிடிபடப் போகுது. மகளைப் பார்க்கப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்ல? இந்த வீட்டுக்கு மகள் கிடையாது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால், பங்குனியில், தாமிரபரணிக் கரையில் நாலு பேர் பார்க்கத் தலை முழுகியாச்சு.

தாளுக்கு அடியில் செல்போன் இருந்தது. அதில் அந்தப் படம். எடுத்துப் பார்க்கக் கூடாது என்று காலையிலிருந்து மூணு தடவை நினைத்தார், மூணு தடவையும் பார்த்தார். தங்கை மகள் வடிவு தன் பிள்ளைக்குக் காது குத்தின அன்றைக்கு, மாமா போட்டோவெல்லாம் பாத்துக்கிட்டிருங்க என்று போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனாள். தள்ளிக்கொண்டே போன விரல் நாலைந்து படம் கூடுதலாகத் தள்ளிவிட்டது. ஒரு மாடி வீட்டுப் பால்கனி. ஆள் இல்லை. கொடியில் துணி. அதில் ஒரு போர்வை, கருநீலத்தில் மஞ்சள் கட்டம், ஓரத்தில் கை அகலத்துக்கு ஒரு வெள்ளை ஒட்டு. இஸ்திரிப்பெட்டியை மறந்து வைத்து அந்த இடத்தைக் கருக்கினது அவர்தான். திட்டிக்கொண்டே ஒட்டுப் போட்டுத் தைத்தது காந்திமதி. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனது மகள், பகவதி. போர்வைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கவுன். இரண்டு உள்ளங்கையையும் விரித்துச் சேர்த்து வைத்தால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான் இருந்தது. கைப்பிள்ளைக்குத் தைத்தது. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும், அவருக்கு மட்டும் தெரியாது. முழுகினவனிடம் எவன் வந்து உனக்குப் பேத்தி பிறந்திருக்கு என்று சொல்லுவான்? வடிவு வருவதற்குள் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே திருட்டு. பாயசத்துக்கு இருக்காமல் எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் மூணு மாசம். மூணு மாசத்தில் குழந்தை வளர்ந்திருக்கும், அந்தக் கவுன் இப்போது பத்தாது, பாத்திரம் துடைக்கப் போட்டிருப்பார்கள். அவர் பார்த்த ஒரே சட்டையும் அதுதான். இப்படி ஒரு கவுனை நினைத்துக்கொண்டு ஒருத்தன் இருப்பானா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் படத்தில் துணி மட்டும் இல்லையே. பின்னால் ஊர் இருந்தது. முப்பத்து நாலு வருஷம் சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்து, புலப்படம் வரைந்து, அம்பாசமுத்திரம் தாலுகா முழுக்க எல்லைக் கல் நட்ட மனுஷன். அவருக்குப் படத்தில் பின்னால் இருப்பதுதான் முதலில் கண்ணில் படும். இடப்பக்கம் பம்பரத்தைத் தலைகீழாகக் குத்தி வைத்த மாதிரி ஒரு கோபுரம். அதை ஒட்டி வலப்பக்கம் இரட்டைக் கோபுரம், இவ்வளவு தூரத்தில் ஒரு விரற்கடைதான் தள்ளி. கீழே ஒற்றைத் தண்டவாள ரயில் வளைகிறது. ரெண்டு கம்பும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி நின்னா நீ அந்தக் கோட்டு மேலேயே நிக்கேன்னு அர்த்தம்டா என்று எத்தனை சங்கிலிக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்! நூலகத்தில் போய் அந்த ஊர் வரைபடத்தைப் பெரிசாக அச்செடுத்து வந்து, படத்தில் கோபுரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்து, கோட்டை நீட்டி, ரயில் வளைவு எங்கே வெட்டுகிறது என்று பார்த்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸ் என்ற பேட்டை. அதற்குள் மூணு அடுக்குமாடிக் கட்டிடம். மூணில் ஒன்று. எத்தனாவது மாடி என்பதுதான் உதைத்தது. எட்டுக்கும் பன்னெண்டுக்கும் நடுவில் என்பது வரைக்கும் கணக்கு வந்துவிட்டது. வடிவிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் விலாசம் கிடைக்கும். வாயைத் திறந்து கேட்கத்தான் முடியாது. கேட்டால் ராத்திரிக்குள் கூடப்பிறந்த அண்ணாச்சி காதுக்குப் போகும். தலை முழுகினவன் முழுகின மகளைத் தேடுதானாம்லே என்று ஊர் சிரிக்கும், உலைவாயை மூடலாம் ஊர்வாயை மூட முடியுமா. அதனால் கேட்கிற ஒரு வார்த்தைக்குப் பதில் மூணு மாசம் ஸ்கேலும் பென்சிலும். கட்டிடக் காவலாளியிடம் பெயரைச் சொன்னால் விடுவானா? மாப்பிள்ளை பெயரில் வீடு இருந்தால்? அந்தப் பையன் பெயரை இந்த ஐந்து வருஷத்தில் ஒருதரமும் உச்சரித்ததில்லை. மெதுவாக உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சாதாரணப் பெயர்தான்.

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அடுத்த சத்தத்துக்காக அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். செம்பில் தண்ணீர் மொண்டு அரிசியில் ஊற்றுகிற சத்தம். ஒரு செம்பு. ரெண்டு செம்பு. செம்பில் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தை அவரால் அஞ்சு வருஷமாகக் கேட்க முடிவதில்லை. அன்றைக்குப் பகவதி போனில் சொன்னது மூணே வார்த்தை, கல்யாணம் பதிவு பண்ணிட்டோம்ப்பா என்று. சாயங்காலத்துக்குள் அண்ணாச்சி நாலு சொந்தக்காரர்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். நம்ம ஆளுவ இல்லை, நம்ம சாமியும் இல்லை, பின்ன என்னத்த யோசிக்க, தலை முழுகிரு, சோலி முடிஞ்சுது என்றார். ஒரு கல்லை நடுவதற்கு முன்னால் ரெண்டு தடவை அளக்காமல் விட்டதில்லை பிரம்மநாயகம். பக்கத்து வயல்காரன் வந்து கையெழுத்துப் போடுகிற வரைக்கும் காத்திருப்பார். அன்றைக்கு ஒருதரம்கூட அளக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார், அவ்வளவுதான். மூணு முழுக்கு. மூணாவது முழுக்கில் இடது காதுக்குள் தண்ணீர் புகுந்து ரெண்டு நாள் கும்மென்று இருந்தது. கரையில் நின்றவர்கள் சாவு வீட்டுக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள், அதில் ஒரு மரியாதை இருந்தது, அந்த மரியாதைக்கு அவர் மனசு அந்த நேரத்தில் கொஞ்சம் இளகினதும் உண்மை. பெத்த மனம் பித்து என்பார்கள். அவருடையது அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்ததோ. ஈரத்தோடு வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றபோது குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே காந்திமதி. அண்ணி சொல்லி அனுப்பி வைத்திருக்கிறாள், பொம்பளை ஆத்துக்கு வரவேண்டாம், வீட்டிலேயே முழுகட்டும் என்று. செம்பு செம்பாக ஊற்றுகிற சத்தம். நிறுத்தாமல், மூச்சு விடாமல், இருபது செம்பாவது இருக்கும். அழுகைச் சத்தம் இல்லை. அப்புறம் தலையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடப்பாவி, பெத்தவளே ஊத்திக்கிட்டாளே, அப்போ நான் செஞ்சதில் தப்பில்லை என்று அன்றைக்கு அவர் நினைத்தார். இன்று வரைக்கும் ராப்பகலாக அந்த நினைப்பு ஒன்றில்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தனியாக முழுகவில்லை, ரெண்டு பேருமாகத்தான் முழுகினோம்.

சரி, அதை விடு, காரியத்தைப் பார். மூணாம் நாள் ஒண்ணரைக்குச் சாப்பாடு முடியும். காந்திமதிக்கு மூட்டு வலி இருக்கிறது, அறையில் படுத்துக்கோ, நான் ஒரு நடை போயிட்டு வாரேன் என்று சொல்லலாம். சொன்னால் நம்புவாளா? இந்த ஊரில் தெருமுனைக்குப் போவதற்கே நீயும் வாரியா என்று கேட்கிற மனுஷன் அந்நிய தேசத்தில் தனியாக நடை போகிறாரா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். கூட வருகிறவர்கள் வேறே. நவ்ஷாத் சொன்ன பதினெட்டுப் பேரில் நாலு பேர் கல்லிடைக்குறிச்சி, அதில் ஒருத்தர் அண்ணாச்சிக்குச் சம்பந்தி வகை. அவர் கண்ணில் படாமல் டாக்ஸி பிடிக்க வேண்டும். டாக்ஸிக்கு இருபது நிமிஷம், மழை பெய்தால் நாற்பது. மழை பெய்யும் ஊர். மூணு கட்டிடம் ஏறி இறங்க ஒரு மணி நேரம். அப்புறம் கதவு. கதவைத் தட்டினதும் என்ன? யாரு வேணும் என்று கேட்டாள் என்றால்? அப்பா என்று சொல்லவா, பிரம்மநாயகம் என்று சொல்லவா? சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் குளிக்க வேண்டும், அது தெரியும். முழுகித் தீர்த்த பிள்ளை உயிரோடு கதவைத் திறந்தால் என்ன செய்ய வேண்டும், அதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் வழி சொல்லவில்லை. பேசாமல் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு நிற்கலாம். பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகவா முடியும்? கூழ்வத்தல் கொண்டு போகலாம். அவளுக்கு அதுதான் உயிர், பொரிக்கும் முன்னேயே பச்சையாகக் கடிப்பாள். அடுக்களையில் பெரிய தகர டின் நிறைய காந்திமதி போட்டு வைப்பாள் வருஷாவருஷம். போன வாரம் அவள் கோயிலுக்குப் போன சமயம் மூடியைத் திறந்து பார்த்தார், ரெண்டு கைப்பிடி எடுத்து ஒளித்து வைக்கலாம் என்று. டின்னில் பாதிக்குக் கீழே கிடந்தது. ரத்தக் கொதிப்பு என்று அவர் வத்தலை விட்டு மூணு வருஷம் ஆகிறது, அவளுக்கோ பல் இல்லை. எலி தின்றதா? யோசிக்க நேரமில்லாமல் மூடிவிட்டு வந்தார்.

மணி பதினொண்ணு நாற்பது. அவள் கதவைச் சாத்திவிட்டால்? அதைத்தான் அவர் நேராக நினைக்காமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார், டாக்ஸி என்றும் மழை என்றும் எத்தனாவது மாடி என்றும். சாத்தினால் நியாயம். அவர் சாத்தினதற்கு இது எம்மாத்திரம். அப்படியே அந்தக் கதவுக்கு வெளியே நின்று அவள் உள்ளே நடமாடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வரலாம், பிள்ளை அழுதால் அதையும் கேட்கலாம், ஆறு மணிக்குள் ஓட்டலுக்கு வந்துவிடலாம். அதுவே போதும். இல்லை, போதாது. போதும் என்று சொல்லிக்கொள்கிறபோதே போதாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவனுக்கு வாலாவது கையில் அகப்படும்; இவருக்கு மாடு எந்தத் திசையில் போச்சு என்றே பென்சிலால் வட்டம் போட வேண்டியிருக்கிறது. போகாமலே இருந்துவிட்டால் என்ன? நவ்ஷாத்திடம் வேண்டாம் தம்பி என்று ஒரு வார்த்தை. அப்புறம் இந்தத் தாளைக் கிழித்துப் போடலாம். அப்புறம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொதி, அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சொதி. கண்ணில் தண்ணீர் முட்டியது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், காந்திமதி நிற்கிறாள், கையில் தட்டோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

தட்டு வைக்க இடம் வேண்டும், இந்தக் காயிதத்தை எல்லாம் தள்ளுங்க என்றாள். அவர் வரைபடத்தை மடிக்கப் பார்த்தார், அது எங்கே மடிகிறது. அவள் தட்டை வைத்துவிட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பென்சில் வட்டத்தைப் பார்த்தாள். கோடுகளைப் பார்த்தாள். அடியில் கிடந்த போனில் போர்வையும் கவுனும் இருந்ததையும் பார்த்தாள். அப்புறம் வட்டத்துக்குள் இருந்த மூணு கட்டிடத்தில் நடுவில் இருந்ததன்மேல் விரலை வைத்தாள்.

"இதுதான். ஒம்போதாவது மாடி. ஆனா இப்ப அங்க இல்ல. ஆடி கழிஞ்சதும் வேற வீட்டுக்குப் போயிட்டா."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது கோபம் வந்தது, கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டார். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குப் போனதும் பகவதி போன் பண்ணுவாள், ஒரு வெள்ளிக்கிழமை தப்பினதில்லை. வத்தல் வடிவு மூலமாகப் போகும். பிரசவத்தன்றைக்கு விடிய விடிய ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளை பேசிக்கொண்டே இருந்தார். பிரம்மநாயகம் பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாராம்.

"நீயும் முழுகினியேட்டி," என்றார். "நான் முத்தத்துல நின்னு கேட்டேனே."

"தண்ணியத் தரையில ஊத்துனேன்," என்றாள் காந்திமதி. "ஊத்தி ஊத்திக் கை வலிச்சுப் போச்சு. தலையில துண்டக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்தேன். உள்ள காஞ்ச முடிதான். எம் பிள்ளைய நான் எதுக்கு முழுகணும்?"

அவர் அவளுடைய தலையைப் பார்த்தார். நரைத்து, எண்ணெய் வைத்து வாரின தலை. அப்படியானால் ஆற்றுக்குள் இறங்கினது அவர் ஒருத்தர்தான். அஞ்சு வருஷமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாரும் கரையில் நின்றிருக்கிறார்கள், பெத்தவளும் கரையில்தான் நின்றிருக்கிறாள், தண்ணீருக்குள் அவர் மட்டும். ஏன் சொல்லவில்லை என்று கேட்க நாக்கு எழுந்தது. கேட்கவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்பது அவருக்கே தெரியும். கேட்க வேண்டியது அது ஒன்றுதான் என்பது போல, "பிள்ளை பேரு என்ன?" என்றார்.

சொல்லிவிடக் காந்திமதிக்கு ஆசை இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. "ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கா," என்றாள். அதில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. அவருக்காகத் தான் பரிந்து பேசாமல் இல்லையாம். அப்பா என்று பேச்சை எடுத்தால் பகவதி போனை வைத்துவிடுகிறாளாம், அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பேச மாட்டாளாம். அதற்குப் பயந்து இப்போது எடுப்பதில்லையாம்.

மணி பன்னெண்டு அடிக்கவும் போனில் நவ்ஷாத் வரவும் சரியாக இருந்தது. கவுனும் போர்வையும் மறைந்து அவன் பெயர் வந்தது. பிரம்மநாயகம் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வது? வட்டம் போட்ட வீட்டில் அவள் இல்லை. இருக்கிற வீடு இவளுக்குத் தெரியும், இவள் சொல்ல மாட்டாள். சொன்னாலும் அங்கே போய் நிற்க அவருக்கு என்ன வாய் இருக்கிறது. நாலு முறை அடித்து, அஞ்சாவது முறை அடிக்கும்போது காந்திமதி மேஜையில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"ரெண்டு பேருன்னு சொல்லுங்க. நான் வாரேன். அந்த நாலு மணி நேரம் நான் போயிட்டு வாரேன், நீங்க ரூம்ல இருங்க. வாசல்ல வச்சு அவகிட்டக் கேக்கேன். வரச் சொன்னா ஒங்களுக்குப் போன் பண்ணுதேன்."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா ஆறு மணிக்கு நான் வந்துருவேன்," என்று சொல்லிவிட்டுச் சொதியை எடுத்துவர உள்ளே போனாள்.

அவர் போனை எடுத்தார். நவ்ஷாத் மூச்சு விடாமல் பேசினான். பேர் ரெண்டுதானே சார், உறுதி பண்ணிரட்டுமா, மூணாம் நாள் சும்மா இருக்கிற நேரத்துக்கு மீன் காட்சிசாலை ஒன்று சேர்த்திருக்கிறோம், எல்லாரும் போறாங்க, நீங்களும் வாரீகளா என்று கேட்டான். ரெண்டு பேர்தான் தம்பி என்றார் பிரம்மநாயகம். மீன் காட்சிசாலை வேண்டாம் என்றார். நாங்க அன்னைக்கு மத்தியானம் ஒங்களோட வரல, அவ ஒரு சோலியாப் போறா, நான் ரூம்ல இருப்பேன் என்றார். அவ்வளவு தூரம் போய் ரூம்லயா சார் என்று அவன் சிரித்தான். அவரும் சிரிக்கப் பார்த்தார். வரைபடம் இன்னும் விரிந்துதான் கிடந்தது, அவர் கை பென்சிலைத் தேடி எடுத்து, எந்தக் கோட்டையும் போடாமல், வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்த ரூம்ல ஜன்னல் இருக்குமா?"

இருக்கும் சார், ஆனா எந்தப் பக்கம் பாத்த ரூம் கிடைக்கும்னு இப்பவே சொல்ல முடியாது, ஒங்களுக்கு எந்தத் திசை வேணும் என்று கேட்டான் நவ்ஷாத்.

தெரியலையே தம்பி என்றார் பிரம்மநாயகம்.